கான்ட்ராவா, பப்ஜியா?

நம்மள அதிகமா மாத்தின கேம் எது? வாடிப்பட்டிக்காரன் என்கிட்ட கேட்டா, முதல்ல 'கான்ட்ரா'ன்னுதான் வாய்ல வரும். 1987-ல கொனாமி விட்ட கேம், நமக்கு டிவி கேம் கேசட்டா வந்தது. ஆனா ஆட டிவி வேணும், செட் வேணும். அது யார் வீட்ல இருக்கோ அவன்தான் ராஜா.

2018-ல வந்த பப்ஜி மொபைல் இதை உடைச்சது. 2016-லயே ஜியோ வந்து டேட்டா மலிவாகியிருந்தது; கையில இருந்த போனே போதும். திருப்பூர்ல வேலை பார்க்குற அண்ணனும் ஊர்ல இருக்குற தம்பியும் ஒரே ஸ்குவாட்ல பேசிக்கிட்டே ஆடினாங்க. 2020 செப்டம்பர்ல தடை வந்தப்போ, அந்த ராத்திரிப் பேச்சும் நின்னுபோச்சு.

பேட்டில் ராயலை பப்ஜி கண்டுபிடிக்கலதான். ஆனா செட் வாங்க முடியாத பசங்களை உள்ளே விட்டது அதுதான். என் ஓட்டு பப்ஜிக்கு. உங்க ஓட்டு?