ரைல்ஸ் வாங்க முன் ஈரத்தைப் பாருங்கள்

வீட்டுத்திட்டத்தின் கடைசித் தவணைப் பணம் கைக்கு வந்ததும் பலருடைய மனம் ரைல்ஸ் கடைக்குப் போய்விடுகிறது. உங்கள் காணி வயற்கரையிலோ குளத்துக்குக் கீழேயோ இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். இரண்டடிச் சதுரப் பொலித்தீன் துண்டைச் சீமெந்து நிலத்தில் விரித்து, நான்கு ஓரத்தையும் ரேப்பால் இறுக்கி ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மாரியில் செய்வதே நல்லது. துண்டின் அடிப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது.

அந்த நிலத்தில் றபர் விரிப்பு ஒட்டினால் ஈரம் அடியில் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். இழுப்புள்ள பிள்ளைகளுக்கு அது கூடாது. ரைல்ஸ் உக்காது, ஆனால் இடைவெளிகளில் உப்புப் பூக்கும். செலவு குறைந்தது வெறும் சீமெந்து நிலம்தான்; ஏறிய ஈரம் தானே காய்ந்துவிடும். படுக்கப் பன்பாய் விரித்து, காலையில் எடுத்து வெயிலில் போடுங்கள்.

இன்னும் நிலம் போடாதவர்கள் ஈரத்தை அடியிலேயே தடுக்கலாம். கிறவல் நிரப்பி நன்றாக இடித்து, மணல் பரவி, தடித்த பொலித்தீன் விரியுங்கள். துண்டுக்கு மேல் துண்டு ஆறு அங்குலமாவது ஏற வேண்டும். சுவரோரம் மேலே மடிக்க வேண்டும். அதன் மேல் மூன்று அங்குலக் கொங்கிறீற். "இதெல்லாம் என்னத்துக்கு?" என்று மேசன் கேட்கக்கூடும். விட்டுக்கொடுக்காதீர்கள். கொங்கிறீற் கொட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். மண்வெட்டி பட்டுக் கிழிந்தால் அந்த இடத்தால் ஈரம் ஏறும். பிறகு ஏழு நாளாவது தண்ணீர் விட்டு நனைத்து வையுங்கள்.