ஸ்பிரேயர், களைவெட்டிக்கு எத்தனால் பெட்ரோல் ஊற்றுகிறீர்களா?

இப்போது பங்க்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. நம் கரும்பிலும் மக்காச்சோளத்திலும் இருந்து வருவதுதான். ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். தினமும் ஓடும் பைக்கில் பெட்ரோல் தேங்குவதில்லை. மைலேஜ் சற்றுக் குறையும், அவ்வளவுதான். சீசனுக்கு மட்டும் எடுக்கும் பவர் ஸ்பிரேயர், களைவெட்டிக்குத்தான் ஆபத்து.

டேங்கில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் அதோடு கலந்து அடியில் தங்கிவிடும். 2 ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால், நீங்கள் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். இன்ஜின் இழுப்பதோ அடியில் இருப்பதை. ஆயில் இல்லாமல் ஓடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், செலவு பெரிது.

ஆகவே வேலை முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும் வரை ஓட விடுங்கள். கார்புரேட்டரும் காலியாகிவிடும். வடித்தது ஆயில் கலக்காத பெட்ரோல் என்றால் பைக்கில் ஊற்றிக்கொள்ளலாம். கேனில் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். ஆயிலையும் அன்றைய தேவைக்கு மட்டும் கலங்கள்.

2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால், சர்வீஸின்போது பெட்ரோல் ஹோஸும் ரப்பர் வாஷரும் ஊறியோ வெடித்தோ இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.