அடைத்துக்கொண்ட கழிப்பறையும் பாஸ்கல் விதியும்

வீடு நிறைய விருந்தினர் இருக்கும் நாளில்தான் கழிப்பறை அடைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அது பொங்கலுக்கு மறுநாள் நேர்ந்தது. குழாய் வேலை செய்பவர் தம் ஊருக்குப் போயிருந்தார். "இருபது வருஷமா பிசிக்ஸ் சொல்லிக் குடுக்கிறீங்களே, இதுக்கு ஒரு வழி தெரியாதா?" என்றார் என் மனைவி. கேலிதான் என்றாலும் நியாயமான கேள்வி.

முதலில் அமைப்பைப் பாருங்கள். பீங்கானின் அடியில் குழாய் நேராக இறங்குவதில்லை. வளைந்து சற்று மேலேறி, அதன் பிறகே கீழே செல்கிறது. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கி நிற்கும். கழிவுக் குழாயின் நாற்ற வாயுக்களை வீட்டுக்குள் விடாமல் தடுக்கும் கதவு இந்த நீரே. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரம் செய்பவர், வளைகுழாய் பொருத்திய கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். நாற்றத்தைத் தடுக்கும் அதே வளைவில்தான் பெரும்பாலான அடைப்புகளும் சிக்குகின்றன.

அடைப்பைக் கண்டதும் எல்லோரும் வாளி வாளியாக நீரை ஊற்றுவார்கள். இதனால் எவ்வளவு விசை கிடைக்கும்? நீர் மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்தால் கூடுதல் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2000 நியூட்டன். குழாயின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்று கொண்டால் அதன் குறுக்குப் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: அடைப்பின் மேல் விழும் கூடுதல் விசை 16 நியூட்டன் கூட இல்லை. ஒன்றரைக் கிலோ அரிசிப் பையை அதன்மேல் வைத்தது போலத்தான். இளகிய அடைப்பு இதற்கு அசையும். இறுகியது அசையாது, நீர்தான் தரையில் வழியும்.

ஆகவே ஒரு கருவி செய்தோம். பழைய துடைப்பக் கம்பின் முனையில் கந்தல் துணியைப் பந்துபோலச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பையை மாட்டிக் கயிற்றால் இறுகக் கட்டினோம். கட்டு அவிழ்ந்து பந்து உள்ளே போய்விட்டால் அதுவே இரண்டாவது அடைப்பாகிவிடும்! பந்து, துவாரத்தை ஏறக்குறைய மூடும் பருமனில் இருக்கவேண்டும். கைக்கு ரப்பர் உறை அவசியம்.

நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். நீர் போதாமல் இருக்கும்போதே கம்பைக் குத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். உள்ளேயுள்ள காற்று சுருங்கி உங்கள் உழைப்பை விழுங்கிவிடும். நீரோ அப்படிச் சுருங்காது; ஓரிடத்தில் தந்த அழுத்தத்தை அப்படியே எல்லாத் திசைகளுக்கும் கடத்தும். இதுவே பாஸ்கல் விதி. பந்து மூழ்குமளவு நீர் ஊற்றி, முதல் தடவை மெதுவாக அழுத்திக் காற்றை வெளியேற்றிய பிறகே வேலையைத் தொடங்கவேண்டும்.

தள்ளுவதைவிட இழுப்பதில் கவனம் வையுங்கள். தள்ளிக்கொண்டே இருந்தால் அடைப்பு மேலும் இறுகும். வெடுக்கென்று இழுக்கும்போது இப்பக்கம் அழுத்தம் குறைகிறது. மொட்டைமாடி வரை செல்லும் காற்றுக் குழாய் வழியாக வளிமண்டலம் அடைப்பைப் பின்புறமிருந்து நம்மை நோக்கித் தள்ளுகிறது. வளிமண்டல அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 நியூட்டன். அந்தக் குழாய்க்கு முழு விசை 785 நியூட்டன். நம் துணிப்பந்து ஒழுகும், முழுவதும் கிடைக்காது. பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலும் வாளி நீர் தந்ததைப்போல் ஐந்து மடங்கு! ஏழெட்டு இழுப்புக்குப் பின் 'களக்' என்ற ஓசையுடன் ஒரு சோப்பு டப்பாவின் மூடி மேலே வந்தது. அதை உள்ளே போட்டதாக விருந்தினர் எவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடைப்பு வழுக்கி நகரப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் உதவும். அதை ஊற்றி, கை பொறுக்கும் வெந்நீரும் விட்டு அரைமணி நேரம் காத்திருங்கள். கொதிநீர் வேண்டாம். பீங்கான் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உட்புறம் விரிவடையும்போது வெளிப்புறம் விரியாமல் நிற்பதால் விரிசல் விடும். சமையல் சோடாவும் வினிகரும் எழுப்பும் நுரை பார்க்க அழகு, அவ்வளவே. வாயு மேலே திறந்த வழியில் போய்விடும். சானிட்டரி நாப்கின் எந்த மருந்துக்கும் கரையாது. நீரை உறிஞ்சி உப்புவதற்கென்றே செய்த பொருள் அல்லவா? அதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில்தான் போடவேண்டும்.

அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். ஜன்னல் சிறிதாயுள்ள அறையில் அது நுரையீரலைத் தாக்கும்.

குளியலறைத் தண்ணீரும் போகாமல் தேங்கினால் கோளாறு வளைவில் இல்லை. வெளியே கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் இருக்கிறது. அங்கே உங்கள் கம்புக்கு வேலையில்லை. தொட்டியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், எவரையும் உள்ளே இறங்க விடாதீர்கள். அங்குள்ள ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவரும், அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறந்த செய்திகளைப் பலமுறை படித்திருப்பீர்கள். உரிய பாதுகாப்பின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்விப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கழிவுநீர் உறிஞ்சும் லாரியை அழைக்கச் சொல்லுங்கள். அந்த லாரி தன் தொட்டியிலுள்ள காற்றை வெளியேற்றிவிட்டுக் குழாயை இறக்கும். கழிவை மேலே ஏற்றித் தருவது இங்கும் வளிமண்டல அழுத்தமே.