இரவை அளக்கும் செடி

கஞ்சா மலேசியாவில் தடை செய்யப்பட்ட செடி. வளர்ப்பவருக்குக் கடும் தண்டனை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால், பூக்கும் காலத்தைச் செடிகள் எப்படி அறிகின்றன என்ற கேள்விக்கு விடை தேடியபோது விஞ்ஞானிகளுக்கு முதலில் உதவிய செடிகளுள் இதுவும் ஒன்று. 'ஸ்கங்க் நம்பர் 1' என்ற பெயர்பெற்ற ரகம் பிறந்ததற்கும் அந்த விடையே காரணம்.

வளர்ந்தது, பூக்கவில்லை

1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சிலர் மெக்சிகோ, கொலம்பியா விதைகளைத் திறந்த வெளியில் விதைத்தார்கள். கோடையில் செடிகள் ஆளை மிஞ்சி வளர்ந்தன. ஆனால் பூக்கத் தொடங்கவே இலையுதிர் காலம் வந்துவிட்டது. பூ முற்றுவதற்குள் மழையும் உறைபனியும் முந்திக்கொண்டன. வெயிலுக்கும் மண்ணுக்கும் குறைவில்லை. பிறகு ஏன் இந்தத் தாமதம்?

பாரிஸ் தந்த விடை

இதற்கான விடை அரை நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்திருந்தது. பிரெஞ்சு ஆய்வாளர் ஜூலியன் டூர்னுவா, குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தில் விதைத்த சணல் வகைக் கஞ்சாச் செடிகள் மிகச் சிறியனவாக இருக்கும்போதே பூத்துவிடுவதைக் கண்டார். செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கும் நேரத்தைக் குறைத்துப் பார்த்தபோதும் அவை முன்கூட்டியே பூத்தன. பகல் குறைவதைவிட இரவு நீள்வதே முக்கியக் காரணம் என்று 1914இல் அவர் எழுதினார். அதே ஆண்டு தொடங்கிய முதல் உலகப் போர் அவர் உயிரைப் பறித்தது. ஆய்வும் பாதியில் நின்றது.

1920இல் கார்னர், அல்லார்ட் என்ற இரு அமெரிக்கர்கள் புகையிலையிலும் சோயா மொச்சையிலும் இதே இயல்பைக் கண்டு உலகறியச் செய்தார்கள். 1938இல் மருளூமத்தைச் செடியை வைத்து நடந்த சோதனையில், நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கு எரிந்தாலே பூப்பது நின்றுவிடுவது தெரிந்தது. செடி எண்ணுவது இடைவிடாத இருட்டைத்தான். இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி வெளிச்சத்தில் ஒரு வடிவமும் இருட்டில் மறு வடிவமும் எடுக்கிறது. அது செடியின் உள் கடிகாரத்தோடு சேர்ந்து இரவின் நீளத்தைக் கணக்கிட உதவுகிறது.

இப்போது கலிபோர்னியாவின் சிக்கல் உங்களுக்குப் புரிந்திருக்கும். வெப்பமண்டலச் செடி ஏறத்தாழ 12 மணி நேர இரவுக்குப் பழகியது. வட கலிபோர்னியாவில் ஜூன் மாத இரவு 9 மணி நேரம்தான். அது 12 மணி நேரத்தை எட்டச் செப்டம்பர் கடைசி ஆகிவிடும். பிறகு பூ முற்ற மேலும் மூன்று மாதம் வேண்டும்.

ஆப்கான் கலப்பு

அதற்குத் தீர்வு ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தது. அங்குள்ள மலைநாட்டு ரகங்கள் குட்டையானவை. குளிருக்கு முன் காரியத்தை முடித்துக்கொள்ளப் பழகியவை. இரவு அவ்வளவு நீளும் முன்பே பூக்கத் தொடங்கி, இரண்டு மாதத்தில் முற்றிவிடும். ஆப்கான், மெக்சிகோ, கொலம்பியா ரகங்களைக் கலந்து, விரைவில் முற்றும் செடிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் ஸ்கங்க் நம்பர் 1 உருவானது. ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் திரவத்தின் வீச்சம் இதிலும் இருந்ததால் அந்தப் பெயர்.

1980களில் இந்த விதைகள் நெதர்லாந்துக்குச் சென்றன. அங்கே மீண்டும் அதே தொல்லை. அந்நாடு இன்னும் வடக்கே, 52 பாகை அட்சரேகையில் இருக்கிறது. கோடைப் பகல் ஏறத்தாழ 17 மணி நேரம். இலையுதிர் காலமோ ஈரம் மிகுந்தது. நெருக்கமான பூக்களில் பூஞ்சணம் எளிதில் பிடித்தது. அதனால் பலர் கண்ணாடிக் கூடங்களுக்குள் போனார்கள். வேறு சிலர் இன்னும் முந்திப் பூக்கும் ரகங்களைத் தேடிக் கலந்தார்கள்.

கேமரன் மலை விளக்குகள்

இந்த அறிவியல் நமக்கும் அந்நியமில்லை. கேமரன் மலைக்குப் போனவர்கள் இரவில் பூந்தோட்டக் கூடாரங்கள் விளக்கொளியில் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். சாமந்தியும் நீண்ட இரவில் பூக்கும் செடிதான். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் இரவு 12 மணி நேரத்தை ஒட்டியே இருப்பதால், விட்டால் அது தண்டு நீளுவதற்குள் மொட்டு வைத்துவிடும். விளக்கைப் போட்டு இரவைக் குறைத்தால் தண்டு நீளும். போதுமான உயரம் வந்ததும் விளக்கை அணைத்தால் பூக்கும். டூர்னுவா கண்ட உண்மையை அந்தத் தோட்டக்காரர்கள் ஒவ்வோர் இரவும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.