நாளைய நான் சொன்ன எண்

படம் கிடையாது, ஒலியும் கிடையாது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எதிரில் என்ன தெரிகிறது என்று திரையில் நாலு வரி. அடுத்து என்ன செய்வது என்பதை நீங்கள்தான் தட்டச்சு செய்யவேண்டும். எண்பதுகளில் இத்தகைய கணினி ஆட்டங்களை விற்றுப் பெயர்பெற்றது அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனம். 1989-இல் அது மூடப்பட்டது. ஊடாட்டப் புனைவு என்பது இவற்றின் கௌரவமான பெயர்.

இலக்கிய வாசகர்களுக்கு இவற்றைச் சிபாரிசு செய்ய என்னிடம் ஒரு காரணம் உண்டு: காலப்பயணம். நாவலில் கடந்த காலத்துக்குப் போய்ச் சிக்கிக்கொள்கிற கதாபாத்திரத்தை ஆசிரியர் கரையேற்றிவிடுவார். இங்கே போவது நீங்கள்.

1982-இல் வந்த 'ஸோர்க் 3' இதைச் சின்னக் களவாகவே வைத்திருந்தது. அருங்காட்சியகத்தில் இருக்கும் கால எந்திரத்தில் பின்னோக்கிப் போய், மோதிரத்தை எடுத்து, எந்திரத்தின் இருக்கைக்குக் கீழே ஒளித்துவிட்டுத் திரும்பவேண்டும். கெட்டிக்காரத்தனம்தான், அதற்குமேல் ஒன்றுமில்லை.

ஸ்டீவ் மெரட்ஸ்கி எழுதிய 'ஸோர்ஸரர்' (1984) வேறு ரகம். ஒரு நிலக்கரிச் சுரங்கம், எண்பூட்டுப் போட்ட கதவு. எண் தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்கும்போது ஒருவர் வந்து சேர்கிறார். உற்றுப் பார்த்தால் நீங்களேதான், கொஞ்சம் களைத்துப்போன நீங்கள். பூட்டின் எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். கதவைத் திறந்து, உள்ளே பாடுபட்டு, கடைசியில் ஒரு மந்திரத்தால் காலத்தில் பின்னே போகிறீர்கள். பார்த்தால் அதே அறை. எதிரே, ஒன்றும் புரியாமல் விழிக்கும் பழைய நீங்கள். சற்றுமுன் வேடிக்கை பார்த்த காட்சிதான். இப்போது வசனம் உங்களுடையது. எண்ணைச் சொல்லாவிட்டால் கதவு திறந்திருக்காது, நீங்கள் இங்கே வந்திருக்கவும் முடியாது.

சரி, அந்த எண்ணை முதலில் கண்டுபிடித்தது யார்? ஒருவருமில்லை. அது வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது.

எண்ணை விடுங்கள், அது தேயாது. பிரையன் மோரியார்ட்டியின் 'டிரினிட்டி'யில் (1986) இப்படிச் சுற்றுவது ஒரு குடை. லண்டன் கென்சிங்டன் பூங்காவில், தழும்பேறிய முகத்தோடு ஒரு ஜப்பானியக் கிழவி. அவளுடைய குடையைக் காற்று பிடுங்கி மரத்தில் மாட்டிவிடுகிறது. அதை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அணுகுண்டுப் போர் மூளும் கணத்தில் அங்கிருந்து தப்பிக் காலங்களுக்குள் அலைந்து, 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் ஒரு பதுங்குகுழிக்கு வந்து சேர்கிறீர்கள். அங்கே ஒரு சிறுமி. குடையை அவளிடம் கொடுக்கிறீர்கள்.

இத்தனை முறை கைமாறியும் குடைத்துணி நைந்துபோகவில்லையா என்று கேட்கலாம். நானும் கேட்டேன், பிறகு அது மறந்தே போயிற்று. ஏனென்றால் அந்தக் கிழவியின் முகத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். சிறுமி பிழைப்பாள் என்று தெரியும், எரிவாள் என்றும் தெரியும். அந்த அறிவோடு 'குடையைக் கொடு' என்று நம் விரலாலேயே எழுதவேண்டியிருக்கிறது. இந்தக் கனத்தை எந்தக் காலப்பயண நாவலிலும் நான் உணர்ந்ததில்லை.

2004-இல் வந்த 'ஆல் திங்ஸ் டிவவர்ஸ்' உணர்ச்சிக்கு இடங்கொடுக்காத சுத்தக் கணக்கு. இரவில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து, அங்குள்ள கால எந்திரத்தை அழிக்கவேண்டும். அதற்கு அதே எந்திரத்தில்தான் பின்னே போகவும் வேண்டும். முந்தைய நீங்கள் செய்த ஒவ்வொன்றையும் நிரல் நினைவில் வைத்திருக்கிறது. அவர் மூடிக் கண்ட கதவை இப்போது திறந்து போட்டுவிட்டால் முரண், ஆட்டம் முடிந்தது. நடை வறட்சிதான், ஆனால் புதிரின் கட்டுமானம் அபாரம். பலமுறை தோற்றால்தான் வழி பிடிபடும். தோற்ற ஆட்டங்களில் தெரிந்துகொண்டதை அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுபோகிறோமே, அதுவும் காலப்பயணம்தானே!

இந்தக் கடைசி ஆட்டம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஓட்டுவதற்கு ஃபிராட்ஸ் போன்ற ஒரு மென்பொருள் போதும். பக்கத்தில் தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கதவை எப்போது மூடினீர்கள் என்று குறித்துவைக்காமல் இதில் கரையேற முடியாது.