மரபணு இருந்தும் மருந்து குறைவது ஏன்? உயிரி மருந்து ஆலைகளுக்குச் சவாலாகும் எபிஜெனடிக்ஸ்

பெங்களூரு: மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் பயன்படும் டிராஸ்டுசுமாப் மருந்தை உயிருள்ள செல்களே சுரக்கின்றன. மருந்துக்கான மரபணு சிதையாமல் இருக்கும்போதே அச்செல்களின் உற்பத்தி படிப்படியாகக் குறைந்துவிடக்கூடும். இதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று எபிஜெனடிக்ஸ் எனப்படும் மேல்மரபியல் மாற்றமாகும்.

எந்தச் செல்கள்?

பெங்களூருவின் பயோகான் நிறுவனம் உருவாக்கிய டிராஸ்டுசுமாப் ஒப்புமை மருந்து, 2013-ஆம் ஆண்டு இந்தியாவிலும் 2017 டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இம்மருந்து சீன ஹாம்ஸ்டர் என்ற சிறு எலியினத்தின் சினைப்பைச் செல்களில் தயாராகிறது. 1957-இல் அமெரிக்க அறிவியலாளர் தியோடர் பக் பிரித்தெடுத்த செல்களின் வழிவந்தவையே, இன்று உலகெங்கும் உள்ள மருந்து ஆலைகளில் வளர்க்கப்படுகின்றன.

மரபணு முடங்குவது எப்படி?

மருந்துக்கான மரபணுவைச் செல்லுக்குள் செலுத்தும்போது, அதை இயக்குவதற்காகப் பெரும்பாலும் சைட்டோமெகலோ வைரஸின் டிஎன்ஏ துண்டு ஒன்று இணைக்கப்படுகிறது. செல்கள் பெருகப் பெருக, இத்துண்டின் மீது மெத்தில் எனும் வேதிக்குறிகள் படியலாம். டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களும் இறுகலாம். மரபணுவின் எழுத்துகள் மாறுவதில்லை. அவற்றைச் செல் வாசிப்பது மட்டும் தடைபடுகிறது. வாய்க்காலில் நீர் இருந்தும் மடை அடைபட்டால் வயல் காய்வதற்கு இதனை ஒப்பிடலாம்.

செல் பிளவுபடும்போது இக்குறிகள் அடுத்த தலைமுறைக்கும் கடத்தப்படுகின்றன. மருந்தைச் சுரக்கும் சுமை நீங்கிய செல்கள் வேகமாகப் பெருகி, மற்றவற்றை எண்ணிக்கையில் மிஞ்சவும் கூடும். சிறு குப்பியில் தொடங்கும் வளர்ப்பு ஆயிரக்கணக்கான லிட்டர் கலனை எட்டும்போது, கிடைக்கும் மருந்தின் அளவு குறைந்து செலவு உயர்கிறது.

தடுப்பது எவ்வாறு?

தேர்ந்தெடுக்கப்படும் செல்கள் பொதுவாகச் சுமார் 60 தலைமுறைகள் வரை வளர்த்துச் சோதிக்கப்படுகின்றன. நிலையாகச் சுரப்பவை மட்டும் திரவ நைட்ரஜன் குளிரில் 'செல் வங்கி'யாகப் பாதுகாக்கப்படுகின்றன. ஒவ்வொரு உற்பத்தியும் அங்கிருந்தே புதிதாகத் தொடங்குகிறது. மரபணுவின் அருகே பாதுகாப்பு டிஎன்ஏ பகுதிகளை இணைப்பதும், ஹிஸ்டோன் இறுக்கத்தைத் தளர்த்தும் சோடியம் பியூட்டிரேட்டைச் சேர்ப்பதும் பிற வழிமுறைகள்.

ஒப்புமை மருந்துகளுக்காக 2012-இல் வெளியிடப்பட்டு 2016-இல் திருத்தப்பட்ட இந்திய வழிகாட்டு நெறிமுறைகளின்படி, செல் வங்கியின் நிலைத்தன்மைக்கான சான்றுகளை நிறுவனங்கள் அளிக்க வேண்டும். நோயாளிக்கு மருந்து தடையின்றிக் கிடைப்பதற்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பதற்கும் இந்நிலைத்தன்மை இன்றியமையாதது.