வாயு இருக்கிறது, விண்மீன் பிறக்கவில்லை

நமது பால்வெளி மண்டலத்தில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரியன்களின் எடைக்குப் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. கன்னி ராசித் திசையில் சுமார் 5.4 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் எம்87 கேலக்ஸியில் இந்தப் பிறப்பு ஏறக்குறைய நின்றேபோய்விட்டது. நீலமாக ஒளிரும் பெரிய விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளில் மடிந்துவிடும். புதியவை வராததால் வயதான, செம்மஞ்சள் விண்மீன்களே அங்கு மிஞ்சியிருக்கின்றன.

மூலப்பொருள் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. எம்87-ஐச் சுற்றி ஹைட்ரஜன் ஏராளம். ஆனால் அதன் வெப்பம் ஒரு கோடி டிகிரிக்கும் மேல். விண்மீன் பிறக்க, வாயு மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர வேண்டும். அப்போதுதான் ஈர்ப்பு விசை அழுத்தத்தை வென்று மேகத்தைச் சுருக்கும்.

சூடான வாயு எக்ஸ் கதிர்களாக ஆற்றலை இழந்துகொண்டே இருக்கும். அப்படியானால் பெரிய கேலக்ஸிக் கொத்துகளின் நடுவே அது எப்போதோ குளிர்ந்து விண்மீன்களாகக் கொட்டியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அடுப்பை அணையவிடாமல் ஏதோ ஒன்று விறகு தள்ளிக்கொண்டிருக்கிறது.

அது எதுவென்று பெர்சியஸ் கொத்தில் துப்புக் கிடைத்தது. சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியால் அதைப் படமெடுத்த கேம்பிரிட்ஜ் வானியலாளர் ஆண்ட்ரூ ஃபேபியன் குழுவினர், நடுவிலுள்ள கேலக்ஸியைச் சுற்றி வளையம் வளையமாக அலைகள் பரவுவதை 2003-இல் அறிவித்தார்கள். அவை ஒலி அலைகள். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 30,000 ஒளியாண்டுகள். பியானோவின் நடு ஸ்வரத்துக்கு 57 ஸ்தாயி கீழே அந்தச் சுருதி. மையக் கருந்துளை பீய்ச்சும் தாரைகள் வாயுவில் பெரும் குமிழிகளை ஊதுகின்றன; அந்தக் குமிழிகளின் உந்தலே இப்படி அலையாகப் பரவுகிறது. ஆற்றல் வாயுவில் கரைய, வாயு குளிர மறுக்கிறது. கொஞ்சம் குளிர்ந்து உள்ளே விழுந்தால் அதுவே கருந்துளைக்குத் தீனியாகி, மறுபடியும் சூடேற்றல் தொடங்கும்.

சில கருந்துளைகள் குளிர்ந்த வாயுவையே வெளியே துரத்துகின்றன. பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்குப் பின் இருந்த ஒரு பெரிய கேலக்ஸியை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஆராய்ந்தது. அதிலிருந்து வாயு நொடிக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறிக்கொண்டிருந்தது.

கருந்துளையின் தயவில்லாமலும் பிறப்பு நிற்கலாம். இஎஸ்ஓ 137-001 என்ற கேலக்ஸி, நார்மா கொத்தின் சூடான வாயுவுக்குள் பாய்ந்து செல்கிறது. எதிர்க்காற்றுபோல் மோதும் அந்த வாயு அதன் ஹைட்ரஜனை உரித்தெடுத்து, ஜெல்லிமீனின் இழைகளைப் போல் பின்னால் நீள வைத்திருக்கிறது. விண்மீன்களை அந்தக் காற்று அசைப்பதில்லை.

பெரும்பாலான பெரிய கேலக்ஸிகளில் மையக் கருந்துளை எவ்வளவு எடையோ, விண்மீன் பிறப்பு நின்றிருக்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம் என்கின்றன ஆய்வுகள். எம்87-இன் கருந்துளை சுமார் 650 கோடி சூரிய எடை கொண்டது. நம்முடையது 40 லட்சம். பால்வெளி இன்னும் விண்மீன்களைப் பெற்றெடுப்பதில் இந்த வித்தியாசத்துக்கும் பங்குண்டு.